தட்டு ஏறிப்போச்சு

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மாவின் லயக் காம்பராவில் ஒரு சாமித் தட்டு இருக்கிறது. பெரியப்பா தன் கையால் அடித்தது. முருகன், மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா, மாலை போட்ட தாத்தா என்று நாலு படங்கள். பெரியம்மா தரையில் நின்றபடியே கற்பூரம் ஏற்றத் தோதாக, அவரையே சுவரோரம் நிறுத்தி அளந்து, மூக்கு மட்டத்துக்கு ஆணி அடித்திருந்தார். 2022 தைப்பொங்கல் அன்று பெரியம்மா ஒரு மணைப்பலகையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று கற்பூரம் ஏற்றினார். "என்னமோ தட்டு ஏறிப்போச்சு தம்பி" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சுவரில் அடித்த பலகை எங்கே ஏறும்? பெரியம்மாதான் இறங்கியிருந்தார். நடுமுதுகில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கி, ஆள் இரண்டு அங்குலத்துக்கு மேல் குள்ளமாகியிருந்தார். அது எக்ஸ்ரேயில் தெரிய இன்னும் ஆறு மாதம் ஆனது. அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "பேரப் போடாத. முதுகப் பத்தி மட்டும் எழுது" என்றார். ஆகவே அவர் பெயர் இங்கே இல்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடலாம். பிரெட்னிசொலோன். ஐந்து மில்லிகிராம், வெள்ளை நிறம், சட்டைப் பொத்தானை விடச் சின்னது. ஸ்டீரொய்ட் வகை மருந்து. இழுப்புக்காரர், தோல் வெடித்தவர், சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கிய பிள்ளை, மூட்டு வீங்கியவர் என்று தோட்டத்தில் யாருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினாலும் இந்தப் பெயர் எங்காவது ஒரு பக்கத்தில் கண்ணில் படுகிறது. உயிரைக் காக்கிற மருந்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரை மலை ஏறி வந்த அளவுக்கு அதைப் பற்றிய பேச்சு மலை ஏறி வரவில்லை. பெரியம்மாவின் முதுகு உடைந்தது அந்த இடைவெளியில்தான்.

விரல் முட்டி

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறுகிற பஸ் மடுல்கெல்லையை நெருங்கும்போது நக்கிள்ஸ் மலைத்தொடர் முன்னால் வந்து நிற்கும். இறுக்கி மூடிய கையின் விரல் முட்டிகளைப் போல் தெரிந்ததால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. சிங்களத்தில் தும்பர. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இந்த மலையும் அடக்கம். பெரியம்மாவின் நோயும் விரல் முட்டியில்தான் தொடங்கியது.

2014 கடைசியில் காலையில் எழுந்தால் விரல் மடங்காமல் போனது. ரொட்டிக்கு மாவு பிசைய முடியவில்லை, பாவாடை நாடாவை முடிய முடியவில்லை. பத்து மணிவாக்கில் கொஞ்சம் இளகும். ஆனால் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு அதற்கெல்லாம் காத்திருக்காது. கொழுந்து எடுக்கிறவருக்கு எல்லாமே பெருவிரலும் சுட்டுவிரலும்தான். இலையைக் கசக்காமல் காம்பை ஒடிக்க வேண்டும், ஒரு நிமிஷத்தில் எத்தனையோ தடவை. பதினெட்டு, இருபது கிலோ நிறுத்துக்கொண்டிருந்தவரின் கூடை எட்டு கிலோவுக்கு இறங்கியது. எட்டு கிலோ என்றால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், சில நாள் அதுவும் இல்லை.

பனியில் நின்றால் எல்லாருக்கும் கை விறைக்கத்தான் செய்யும் என்று ஒரு வருஷம் ஓடியது. சித்தாலேப தேய்த்தார், பனடோல் போட்டார். பிறகு கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதித்தபோது முடக்குவாதம் என்று தெரிந்தது. தேய்மானத்தால் வருகிற மூட்டுவலி வேறு, இது வேறு. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறித் தன் சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வாரம் ஒரு நாள் போட வேண்டிய மெதோட்ரெக்ஸேட்டும், அது வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் தாங்கிப் பிடிக்கப் பிரெட்னிசொலோனும் கொடுத்தார்கள். மெதோட்ரெக்ஸேட் பிடிக்கச் சில வாரங்கள் எடுக்கும். பிரெட்னிசொலோன் அப்படியில்லை. எட்டாம் நாள் பெரியம்மா தன் தலையைத் தானே பின்னிக்கொண்டார். அதை அவர் சொல்லும்போது இன்றைக்கும் முகம் மலர்கிறது.

இதே மலர்ச்சியை 1948 செப்டம்பர் 21ஆம் திகதி அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில் தொடங்கிய ஒரு சிகிச்சையில் மருத்துவ உலகம் பார்த்தது. பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குப் புதிய மருந்தொன்றை ஊசி மூலம் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். பிற்பாடு கோர்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்து அது. கர்ப்பிணிகளுக்கும் மஞ்சட்காமாலை வந்தவர்களுக்கும் முடக்குவாதம் தற்காலிகமாக அடங்குவதை ஹென்ச் வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார். உடம்பு தானே சுரக்கும் ஏதோ ஒன்றுதான் நோயை அடக்குகிறது என்பது அவருடைய ஊகம். அந்த ஒன்றை எட்வர்ட் கெண்டால் ஏற்கெனவே அண்ணீரகச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். இவர்கள் இருவருக்கும் சுவிற்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையில் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே முகம் ஊதுவதும் மனம் குழம்புவதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருவதும் தெரிந்துவிட்டன. அதிசயமும் அபாயமும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

ஒரு துண்டும் ஏழு வருஷமும்

கிளினிக் நாள் என்றால் பெரியம்மா விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். இருட்டோடு முதல் பஸ், கண்டியில் வரிசையில் நின்று நம்பர், இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டொக்டரைப் பார்க்க ஒன்று, மருந்து எடுக்க ஒன்று. வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிடும். வைத்தியம் இலவசம். இந்த நாட்டில் அது பெரிய கொடை, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு நாள் இலவசமில்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அந்தச் சம்பளம் போகும், பஸ் காசு போகும், மாதத்தில் இத்தனை நாள் வேலைக்கு வந்தால்தான் என்ற வரவுக் கொடுப்பனவும் சேர்ந்து போகும்.

மூன்று நாலு கிளினிக் தவறியது. தவறியவரைத் திட்டுவார்கள் என்ற பயத்தில் ஐந்தாவதுக்கும் போகவில்லை. பழைய மருந்துத் துண்டு கையில் இருந்தது. கீழே ஒரு மருந்துக் கடையில் அதைக் காட்டினால் மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் துண்டும் தேவைப்படவில்லை. வைத்தியர் எழுதாமல் விற்கக் கூடாத மருந்து அது. மெதோட்ரெக்ஸேட்டுக்கு இரத்தச் சோதனை வேண்டும், அத்தோடு அதைப் போட்டவுடன் ஒன்றும் தெரிவதில்லை என்பதால் அது நின்றுபோனது. உடனே சுகம் தருகிற வெள்ளை மாத்திரை மட்டும் மிஞ்சியது. வலி கூடினால் நாலு, குறைந்தால் இரண்டு, கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் மூன்று. யாரும் குறைக்கச் சொல்லவில்லை, யாரும் கூட்டவும் சொல்லவில்லை. அவரே தனக்கு வைத்தியர்.

மாத்திரை மலிவு. அந்த மலிவுக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரின் உழைப்பு இருக்கிறது. பேராதனை மருத்துவ பீடத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரில் கொள்ளை விலைக்கு விற்ற மருந்துகளைப் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் எட்டும் என்று போராடி, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானார். அதன் முதல் தலைவரும் அவரே. 1977இல் கயானாவில் காலமானார். எங்கள் மலையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர். மருந்து மலிவாக வேண்டும் என்பதோடு, அதை அறிவோடு எழுத வேண்டும், அறிவோடு கொடுக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. எங்களுக்குக் கிடைத்தது முதல் பாதி.

பெரியம்மாவின் முகம் வட்டமானது. கன்னம் பளபளத்தது. "சாப்பாடு ஒட்டுது போல" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பிடரிக்குக் கீழே சதை திரண்டது. கூடைக் கயிறு அழுந்தி அழுந்தி வந்த தடிப்பு என்று நினைத்தோம். கையில் தேயிலைக் கிளை கீறினால் தோல் காகிதம் மாதிரி கிழிந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான் என்று சொல்ல ஆளில்லை.

கவ்வாத்து

எலும்பைக் கல் மாதிரி நினைக்கிறோம். அது தேயிலைச் செடி மாதிரி. சில வருஷத்துக்கு ஒரு தடவை மலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம், பழைய கிளை போய்ப் புதுத்துளிர் வருகிறது. எலும்பிலும் பழையதை அரித்தெடுக்கிற அணுக்களும் புதியதைக் கட்டுகிற அணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஸ்டீரொய்ட் கட்டுகிற அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. கவ்வாத்து நடக்கிறது, துளிர் வருவதில்லை. குடல் சுண்ணாம்புச் சத்தை இழுப்பதும் குறைகிறது, சிறுநீரில் அது போவதும் கூடுகிறது. மாத்திரை தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. வருஷக்கணக்கில் சாப்பிட்டால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தவன் நானும்.

முதலில் அடிபடுவது முள்ளந்தண்டு. கைகால் எலும்புகளைப் போல் தடித்த சுவர் அதற்கு இல்லை. முள்ளெலும்பின் உள்பக்கம் கடற்பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சுதான் சீக்கிரம் கரைகிறது. கரைந்த பிறகு விழ வேண்டும் என்றுகூட இல்லை. குனிந்து ஒரு குடம் தூக்கினால் போதும், தும்மினாலும் போதும். இன்னொரு கொடுமை, இப்படி நசுங்குகிற முள்ளெலும்புகளில் பெரும்பாலானவை உடனே கண்டுபிடிக்கப்படுவதில்லை. சிலருக்கு வலியே இருக்காது. வலித்தாலும் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். உயரம் குறைவதும், சட்டை முன்பக்கம் தொங்குவதும், சாமித் தட்டு எட்டாமல் போவதும்தான் அடையாளம்.

பெரியம்மாவுக்கு வலித்தது. 2021 டிசம்பரில் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது நடுமுதுகில் "மடக்"கென்றது. மூச்சு நின்றதாம். குடத்தைப் போடாமல் வீடு வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தோட்டத்துப் பெண்களின் இந்தப் பிடிவாதத்தை நான் ஒரு காலத்தில் பெருமையாக நினைத்ததுண்டு. மூன்று கிழமை தைலம் தேய்த்துவிட்டு மறுபடி மலைக்குப் போனார்.

மலை என்ற சொல்லையும் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுக்கு மலை என்றால் வேலை செய்கிற இடம். சரிவு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. தலையில் கயிறு, முதுகில் கூடை, இப்போது பல இடங்களில் பை. மழை பெய்தால் இலையும் நனையும், இடுப்பில் கட்டிய படங்கும் நனையும், பாரம் இரட்டிக்கும். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து நிமிர்கிற வேலை. சுகமான முதுகே இதில் நோகும். உள்ளே கரைந்த முதுகு என்ன செய்யும்?

பெட்ரோல் இல்லாத ஜூலை

2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டி வந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். கடைகளில் பனடோல்கூடத் தட்டுப்பாடு. பெரியம்மா வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு நாள் "பிரெட்னிசொலோன் முடிஞ்சுது, எப்ப வரும் தெரியாது" என்றார்கள். வேறு கடையில் விலை மூன்று மடங்கு. "சரி, விட்டுப் பாப்போம்" என்று நிறுத்திவிட்டார். ஏறக்குறைய ஏழு வருஷம் ஒரு நாள்கூட விடாமல் போட்ட மாத்திரையை ஒரே நாளில்.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவைதான் அண்ணீரகம். உடம்புக்குத் தேவையான கோர்ட்டிசோலை அன்றாடம் சுரப்பவை. ஒரு நாளைக்குச் சுரக்கிற அளவைப் பிரெட்னிசொலோன் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு ஐந்து மில்லிகிராம் மாத்திரை. அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் உயிர் தங்காது. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால், பெரட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆளைப் போல அந்தச் சுரப்பிகள் படுத்துவிடும். வருஷக்கணக்கில் படுத்தவரை ஒரே நாளில் எழுப்பி மலைக்கு அனுப்ப முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் எடுத்துத்தான் அவை மறுபடி வேலைக்குத் திரும்பும். அதனால்தான் இந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

நிறுத்திய ஐந்தாம் நாள் பெரியம்மாவுக்கு எழும்ப முடியவில்லை. வாந்தி. தலைசுற்று. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசியச் சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்த நாட்கள். லயத்தில் மூன்று ஆட்டோ நின்றன, மூன்றிலும் பெட்ரோல் இல்லை. மூன்று டேங்கையும் கவிழ்த்து ஒரு போத்தலில் வடித்து, ஒன்றில் ஊற்றி, என் தம்பிமார் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்த அழுத்தம் பாதாளத்தில். நல்ல வேளையாக வெற்று மாத்திரை அட்டையைப் பெரியம்மாவின் மகள் கையில் எடுத்துப் போயிருந்தாள். அதைப் பார்த்ததும் அங்கிருந்த தாதி டொக்டரைக் கூப்பிட்டார். ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் சேலைனும் ஏற்றினார்கள். மறுநாள் காலை பெரியம்மா சாயத்தண்ணி கேட்டார்.

முதுகைத் தொட்டபோது அவர் துடித்ததைக் கண்டு எடுத்த எக்ஸ்ரேயில்தான் இரண்டு முள்ளெலும்புகளும் தெரிந்தன. தமிழ் தெரிந்த இளம் டொக்டர் ஒருவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அம்மா, பாண் துண்டை ஒரு பக்கம் விரலால அமுக்கினா எப்படி இருக்கும்? அப்படி இருக்குது இது."

"அதத் திரும்ப உப்ப வைக்க ஏலாதா ஐயா?"

"ஏலாது அம்மா. ஆனா மத்தத் துண்டு அமுங்காமப் பாத்துக்கலாம்."

ஏழு வருஷத்தில் இந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் அவருடைய பாஷையில் ஒருவர் சொன்ன முதல் விளக்கம் அதுதான். பெரியம்மா அதை அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

கென்னடியின் முதுகு

அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடியைத் துப்பாக்கிக் குண்டோடுதான் நமக்குத் தெரியும். அவருடைய முதுகும் மாத்திரையும் ஒரு தனிக் கதை. 1947இல் லண்டனில் அவருக்கு அடிசன் நோய் இருப்பது தெரிந்தது. அண்ணீரகச் சுரப்பியே செயலிழக்கிற நோய். 1855இல் தோமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தது. கோர்ட்டிசோன் வருவதற்கு முன் அது அநேகமாக மரண ஓலை. கென்னடி ஸ்டீரொய்ட்டால் வாழ்ந்தார். கூடவே இளமையிலிருந்தே பாழாய்ப்போன முதுகு. 1954 அக்டோபர் 21ஆம் திகதி நியூயோர்க்கில் முள்ளந்தண்டில் சத்திர சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். அடிசன் நோயாளிக்கு அவ்வளவு பெரிய அறுவை அந்தக் காலத்தில் மிகப் பெரிய துணிச்சல். புண்ணில் கிருமி பற்றி, பாதிரியாரை அழைத்துக் கடைசி ஜெபம் சொல்கிற நிலைக்குப் போய்ப் பிழைத்தார். 1955 பெப்ரவரியில் மறுபடி அறுத்துத் தகட்டை எடுத்தார்கள். ஜனாதிபதியான பிறகும் சட்டைக்குள்ளே இறுக்கிய முதுகுப் பட்டை, அறையில் ஆடு நாற்காலி, ஆட்கள் பார்க்காத நேரத்தில் ஊன்றுகோல். அவருடைய எலும்பை ஸ்டீரொய்ட் எவ்வளவு அரித்தது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. தேர்தல் நேரத்தில் அவருடைய ஆட்கள் அடிசன் நோயே இல்லை என்று சாதித்தார்கள். 2002இல் வரலாற்றாசிரியர் ரொபர்ட் டாலெக் அவருடைய மருத்துவக் கோப்புகளைப் பார்த்து எழுதிய பிறகுதான் ஊருக்கு முழுவிவரம் தெரிந்தது.

அதில் ஒரு விவரம் என்னை விட்டுப் போவதில்லை. மருந்து ஒரு நாளும் தட்டுப்படக் கூடாது என்று கென்னடி குடும்பம் பல ஊர்களில் பாதுகாப்புப் பெட்டகங்களில் அதைச் சேமித்து வைத்திருந்ததாம். போகிற ஊரில் எல்லாம் மருந்து காத்திருக்கும். இந்த மருந்து ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் சேர்த்து வைத்தார்கள். பெரியம்மாவுக்கு அந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால், மாத்திரை முடிந்த அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ மடுல்கெல்லை ஆஸ்பத்திரிக்கோ போய் நின்றிருப்பார். பெட்டகம் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் தமிழில் ஒரு வரி போதும்.

இப்போது

பெரியம்மாவின் கொப்பியில் அந்த வரி இப்போது இருக்கிறது. அவருடைய மகள் தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பு மையில் எழுதி அட்டையில் ஒட்டியிருக்கிறாள். "இவர் நீண்ட நாள் ஸ்டீரொய்ட் எடுப்பவர். திடீரென நிறுத்தக் கூடாது. வாந்தி, மயக்கம், விபத்து என்றால் உடனே ஸ்டீரொய்ட் ஊசி தேவைப்படலாம். பல் பிடுங்கும் முன்பும் சொல்லவும்." காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை கூட்ட வேண்டும் என்றும் கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக இப்படி ஓர் அட்டையை நோயாளிகள் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

மெதோட்ரெக்ஸேட் திரும்பி வந்தது. அது பிடித்ததும் பிரெட்னிசொலோனைக் குறைக்கத் தொடங்கினார்கள். நாலு மாத்திரையிலிருந்து ஒன்றுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பு முறுக்கும், மனம் சோரும், பழைய அளவுக்குப் போய்விடலாம் என்று கை பரபரக்கும். "அந்த மாத்திரைய விடுறது புருஷன் செத்த துக்கம் மாதிரி தம்பி" என்றார் ஒரு நாள். பெரியப்பா இறந்து அப்போது இரண்டு வருஷம். சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டார்.

எலும்புக்குக் கிழமைக்கு ஒரு தடவை அலென்ட்ரோனேட், 70 மில்லிகிராம். ஞாயிற்றுக்கிழமை விடியலில், வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு. சாயத்தண்ணியோடு போடக் கூடாது, பாலோடும் கூடாது. போட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது. மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு எழும்பியவுடன் தேத்தண்ணி இல்லாமல் அரை மணி நேரம் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை, இந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பெரியம்மா அந்த அரை மணி நேரமும் வாசலில் நின்று மலையைப் பார்க்கிறார். கல்சியம் மாத்திரை வேறு நேரத்தில். சாப்பாட்டில் நெத்தலிக் கருவாடு தலையோடும் முள்ளோடும், டின் மீன் என்றால் முள்ளைத் தள்ளாமல், குரக்கன் ரொட்டி, முருங்கை இலை. வெயில் எட்டிப் பார்த்தால் கையை நீட்டிக்கொண்டு உட்காருகிறார்.

திகனயில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு எழும்பவும் நடக்கவும் பழக்குகிற இடம். அங்கே பெரியம்மா கற்றுவந்த பாடங்கள் லயத்தில் பலருக்கும் பரவிவிட்டன. படுக்கையிலிருந்து நேரே எழும்பாமல் பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கப்போட்டு, கையூன்றி எழும்ப வேண்டும். குனிவதற்குப் பதில் முழங்காலை மடிக்க வேண்டும். குடம் வேண்டாம், இரண்டு கையிலும் அரைவாளி. ஈர்க்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு நீளத் தும்புத்தடி. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கக்கூஸ். லயத்திலிருந்து பத்துப் படி கீழே, குந்தியிருக்கிற கக்கூஸ். உடைந்த முதுகோடு குந்தி எழுவது என்னவென்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். மகன் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சைக்கிள் டியூப்பால் சுற்றி அதன்மேல் வைத்தான். படிகளுக்குக் கைபிடியாக, வேரோடு பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டை. முள்ளந்தண்டு மருத்துவத்தில் இதற்கென்று ஒரு பெயர் இருக்கும். பெரியம்மா அதை "மகன் போட்ட சிம்மாசனம்" என்கிறார்.

பக்கத்து லயத்தில் ஒருவருக்கு முதுகுவலி, கூடவே மாலைக் காய்ச்சல், மெலிவு. அவரும் இழுப்புக்கு ஸ்டீரொய்ட் எடுப்பவர். பெரியம்மாதான் விடாப்பிடியாகக் கிளினிக்குக் கூட்டிப்போனார். முள்ளந்தண்டில் காசநோய். ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்குப் படுத்திருந்த காசநோய் எழும்பக்கூடும், காய்ச்சலை மருந்து மறைத்தும் விடக்கூடும். ஸ்டீரொய்ட்டால் எலும்பு கரைகிற எலும்புப்புரை என்று தாமே முடிவு கட்டியிருந்தால் அவர் கால் விழுந்திருக்கும். கால் மரத்தாலும் பலம் குறைந்தாலும் சிறுநீர் அடைபட்டாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பெரியம்மா லயத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சந்தையில் பெயரில்லாமல் விற்கிற "வாதச் சூரணம்" வாங்குகிறவர்களிடம் சண்டைக்கே போகிறார். அப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்ட்டைக் கலந்து விற்பது தென்னாசியாவில் பலமுறை பிடிபட்ட மோசடி. "ஒரு நாளுல வலி போச்சுனு சொல்றியே, அதான் எனக்கும் எட்டு நாளுல போச்சு" என்பார்.

சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350. கிளினிக் நாளில் அன்றைய சம்பளம் இன்னும் வெட்டுப்படுகிறது. பெரியம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. ஆனால் அவருடைய மகளின் விரலும் போன மாரியிலிருந்து காலையில் விறைக்கிறதாம். அவள் கிளினிக்குப் போகிறாள். முதல் தடவையே கண்டிக்குப் போய்விட்டாள், வெள்ளை மாத்திரை கொடுத்தபோது "எலும்புக்கு என்ன தருவீங்க, எத்தனை நாளைக்கு, எப்ப குறைப்பீங்க?" என்று மூன்று கேள்வி கேட்டாளாம். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு மூன்றுக்கும் பதில் சொன்னாராம்.

போன மாதம் போயிருந்தேன். காம்பராவின் கதவு நிலையில் பேரப்பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் உண்டு. பிள்ளைகளின் கோடுகள் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகின்றன. 2022இல் அவற்றுக்குப் பக்கத்தில் பெரியம்மாவுக்கும் ஒரு கோடு போட்டோம், இன்னும் இறங்குகிறாரா என்று பார்க்க. அதற்குக் கீழே 2023இல் ஒரு கோடு, ஒரு நூல் கனம் இறங்கியிருந்தது. இந்தத் தடவை பேரன் கொப்பியை அவர் தலையில் மட்டமாக வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தான். பெரியம்மா திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலையைப் பார்த்தார்.

"எங்கடா புதுக் கோடு?"

"பழைய கோட்டு மேலயே விழுந்துருச்சு அப்பாயி."

அவர் மணைப்பலகையை இழுத்துப் போட்டு, நிலையைப் பிடித்து ஏறி, கற்பூரம் ஏற்றினார்.